13 நாள் சாப்பிடாதவருக்கு முதல் சாப்பாடு

தஞ்சாவூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மா இறந்ததிலிருந்து 67 வயது அப்பா 13 நாளாகச் சாப்பிடவில்லை. தண்ணீரும் எப்போதாவது இரண்டு வாய் டீயும்தான். 58 கிலோ இருந்தவர் 52க்கு வந்துவிட்டார். நேற்று ராத்திரிதான் சாப்பிடுகிறேன் என்றாராம். "தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ரெண்டு பாட்டில் ஏற்றிவிட்டு, மதியம் வயிறு நிறையச் சாதம் போடலாமா?"

இரண்டும் வேண்டாம்மா. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் உடம்பு வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், 1956ல் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்துதான் உயிர் விட்டார். அதனால் கழிந்துபோன 13 நாளைவிட 14வது நாள் சாப்பாடுதான் எனக்குப் பயம்.

சாப்பாடு நின்று ஒரு நாளைக்குள் ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்துவிடும். அப்புறம் உடம்பு தசையையும் கொழுப்பையும் கரைத்துத் தின்ன ஆரம்பிக்கும், இதயமும் ஒரு தசைதான், அதுவும் மெலியும். பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் உள்ளுக்குள் வற்றியிருக்கும், ஆனால் ரத்தத்தில் பார்த்தால் நார்மல் என்றே காட்டும். இந்த நிலையில் ஒரு தட்டு சாதம் போனால் இன்சுலின் குபீரென்று ஏறி, ரத்தத்தில் மிச்சமிருந்த கொஞ்சத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். அப்போதுதான் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சு திணறும். 1945ல் நாஜிகளின் பெர்கன் பெல்சன் வதைமுகாமை மீட்ட பிரிட்டிஷ் ராணுவம் பரிதாபப்பட்டு டின் இறைச்சியை அள்ளிக் கொடுத்தது, அதைச் சாப்பிட்ட பிறகு செத்தவர்கள் பலர்.

அந்த பாட்டிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 500 மில்லியில் 5 சதவீதம் என்றால் 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிக்கு மேல் தேறாது, இதில் என்ன தெம்பு வரும்? ஆனால் பி1 வைட்டமின், அதாவது தயமின், இல்லாத உடம்பில் அதுவே மூளையைப் பாதிக்கலாம். ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, மஞ்சளாக ஒரு சத்து ஊசியைக் கலந்து 'தெம்பு ஏற்றுகிற' இடங்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். நிறத்தை நம்பாதீர்கள், தயமின் எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள். இவருக்கு ஒரு நாளைக்கு 200, 300 வேண்டும், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால். வாட்ஸ்அப்பில் புரோட்டீன் பவுடர் விற்கிற 'ஹெல்த் கோச்' வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆம்புலன்ஸ்காரர் தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி என்று கூட்டிப்போனால் அதில் கமிஷன் இருக்கலாம். 108 இலவசம்.

ஒரே ஒரு விலக்கு, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரா? சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருந்தாரா? அப்படியென்றால் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் நான் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிடுங்கள், உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான், அங்கே நரம்பில் குளுக்கோஸ் போடுவார்கள், அது சரிதான். தெளிந்துவிட்டாரே என்று வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது, சில மாத்திரைகளின் வேகம் ஒரு நாள் முழுக்க நிற்கும், சர்க்கரை மறுபடி இறங்கும்.

மற்றபடி இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். "நடந்துதானே வந்திருக்கார், பெட் இல்லை" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நடந்து வந்தால் நோயாளி இல்லை என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ! '13 நாள் சாப்பாடு இல்லை, ஆறு கிலோ குறைந்திருக்கிறார்' என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பொட்டாசியம், மெக்னீசியத்தோடு சீரம் பாஸ்பரஸையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், வழக்கமாக எடுக்கும் டெஸ்டுகளில் அது பெரும்பாலும் இருக்காது. ஆயிரக்கணக்கில் ஸ்கேனுக்கு எழுதுகிறவர்களுக்கு இந்தச் சின்ன டெஸ்ட் மட்டும் ஏன் ஞாபகம் வருவதில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆற்றாமைதான்.

முதல் நாள் கிலோவுக்குப் பத்து கலோரி, அதாவது 520. நூறு கிராம் அரிசி, இருபது கிராம் பாசிப்பருப்பு குழைய வெந்த கஞ்சி, 150 மில்லி பால். முழு நாளைக்கும் இவ்வளவுதான், ஆறு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். பசிக்கிறது என்று கேட்பார், உங்களுக்கு மனசு கேட்காது, ஆனாலும் கூட்ட வேண்டாம். ரத்தத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே நாலிலிருந்து ஏழு நாளில் பழைய அளவுக்கு வரலாம். காலையில் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து நின்றால், அல்லது படபடப்பு, மூச்சிரைப்பு, உளறல் இருந்தால் டாக்டரை எழுப்பிச் சொல்லுங்கள், ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.