சென்னை – சிங்கப்பூர்: பயண நேரம் ஏன் மாறித் தெரிகிறது?

வணக்கம். சென்னையில் இரவு 11.30-க்குப் புறப்படும் விமானம் சிங்கப்பூரில் காலை 6.15-க்கு இறங்குவதாகவும், திரும்பும்போது இரவு 8.30-க்குக் கிளம்பி 10.15-க்கே வந்துவிடுவதாகவும் இருப்பதால், பயணச்சீட்டில் பிழையோ என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை ஏதுமில்லை, அவை அந்தந்த ஊரின் நேரங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால், போகும்போது அதைக் கழித்து வரும்போது கூட்டினால் இரு வழியும் நாலேகால் மணி நேரமே.

தொலைவு ஏறத்தாழ 2,900 கி.மீ.; மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் மூன்றரை மணியில் கடந்துவிடலாமே என்று தோன்றும், ஆனால் ஓடுபாதைவரை ஊர்வதற்கும் மேலேறிக் கீழிறங்குவதற்கும் மீதி நேரம் போய்விடும். அழைத்துச் செல்ல வருபவரிடம் 6.15 என்றே சொல்லுங்கள்.