இத்தாலி லைசென்ஸ்: காதுக்குள் வரும் பதிலுக்கு 2,000 யூரோவா?

கேள்வி: ஈரோட்டில் பத்து வருடம் கார் ஓட்டியவள் நான். கணவரின் வேலைக்காக இத்தாலி வந்து, பெர்கமோ பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். ரெசிடென்சா, அதாவது இங்கே வசிப்பவள் என்ற பதிவு, கிடைத்து 14 மாதம் ஆகிறது. லைசென்ஸ் எழுத்துத் தேர்வில் 7 தப்பு, ஃபெயில். கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் எனக்கு இத்தாலியன். சில வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு இலங்கைக்காரர் தேர்வே எழுதாமல் லைசென்ஸ் மாற்றிக்கொண்டாராம். எனக்கு மட்டும் ஏன் முடியாது? ஒருவர் 2,000 யூரோ கொடுத்தால் தேர்வு அறையில் பதில் காதுக்கே வரும் என்கிறார். இந்திய லைசென்ஸில் இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். இனி ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய லைசென்ஸ், ரெசிடென்சா பதிவான நாளிலிருந்து ஒரு வருடம்தான் இங்கே செல்லும். அதுவும் சர்வதேச அனுமதிப் புத்தகமோ, உறுதிமொழியுடன் கூடிய இத்தாலிய மொழிபெயர்ப்போ கூடவே இருந்தால். கணக்கு கொமுனே என்ற ஊராட்சி அலுவலகத்தில் பதிவான தேதியிலிருந்து. பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி அட்டை கைக்கு வந்த தேதி அல்ல. தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தொடங்காது. ஊரில் ஆர்டிஓவில் சர்வதேச அனுமதியைப் புதிதாக எடுத்துவந்தாலும் அந்த ஒரு வருடம் நீளாது. அது உங்கள் லைசென்ஸுக்குத் துணைக் காகிதம், அவ்வளவுதான். இணையத்தில் பத்து வருடச் செல்லுபடி என்று பிளாஸ்டிக் அட்டை விற்கிறார்களே, அதைக் காட்டினால் போலீஸ்காரர் சிரிப்பார், அப்புறம் அபராதம் எழுதுவார்.

அபராதத்தைவிட விபத்தை நினைத்துதான் பயப்பட வேண்டும். காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, செல்லாத லைசென்ஸில் ஓட்டினீர்கள் என்று அந்தத் தொகையை உங்களிடமே கேட்டு வரலாம். பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கு அதுவரை பேருந்தையோ கணவரையோதான் நம்ப வேண்டும்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். லைசென்ஸை நேராக மாற்றிக்கொடுப்பது இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே. இத்தாலி அப்படிச் சில நாடுகளோடு கையெழுத்திட்டிருக்கிறது. இலங்கையோடும் செய்துகொண்டது. இந்தியாவோடு இல்லை. ஓட்டும் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. சென்னை அண்ணா சாலையில் ஓட்டியவரால் பெர்கமோவில் ஓட்ட முடியாதா என்ன? இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவே. இத்தனை இந்தியர்கள் இங்கே வேலை செய்தும் பேசவில்லை என்பது எனக்கு ஆறாத எரிச்சல்.

இந்த இடத்தில்தான் தரகர் வருவார். "ஒப்பந்தம் உள்ள நாட்டு லைசென்ஸ் ஒன்று வாங்கித் தருகிறேன், அதை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள்" என்பார். மாற்ற முடியாது. முதலாவது, மாற்றப்படும் லைசென்ஸ் இத்தாலியில் ரெசிடென்சா பெறுவதற்கு முன்பே எடுத்ததாக இருக்க வேண்டும். உங்களுக்கு 14 மாதம் முன்பே அந்தக் கதவு மூடிவிட்டது. இரண்டாவது, இந்திய லைசென்ஸைக் கொடுத்து அந்த நாட்டில் மாற்றி வாங்கியது என்றாலும் இங்கே ஏற்க மாட்டார்கள். மூன்றாவது, ஒப்பந்தங்களுக்கே காலவரம்பு உண்டு, புதுப்பிப்பது தள்ளிப்போனால் நடுவில் கதவு சாத்திக்கொள்ளும். ஒப்பந்தம் உள்ள நாட்டுக்காரருக்கும் ரெசிடென்சா கிடைத்துச் சில வருடங்களுக்குள் விண்ணப்பித்தால்தான் தேர்வு இல்லாத மாற்றம். ஆறப்போட்டுவிட்டு வந்து புலம்பும் இலங்கை நண்பர்களையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சரியான நேரத்தில் போனவர்.

காதுக்குள் பதில் வரும் கதைக்கு வருவோம். சட்டைப் பொத்தானில் கேமரா, காதில் பொட்டு அளவு ஒலிக்கருவி, வெளியே காரில் ஒருவர் திரையைப் பார்த்து "வேரோ, ஃபால்ஸோ" (சரி, தவறு) என்று சொல்வார். இந்தக் கூத்து ஊர் ஊராகப் பிடிபடுகிறது. தேர்வில் அடுத்தவர் வேலையைத் தன் வேலையாகக் காட்டுவது 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம், மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. தேர்வு அறையில் முதலில் மாட்டுவது காரில் உட்கார்ந்திருப்பவர் அல்ல, நீங்கள். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கும்போதும் குடியுரிமை கேட்கும்போதும் அந்த வழக்கு கூடவே வந்து நிற்கும். அந்த மனிதரின் எண்ணை ஃபோனிலிருந்து அழித்துவிடுங்கள்.

சரி, தேர்வு. 30 வாக்கியங்கள், 20 நிமிடம், ஒவ்வொன்றும் சரியா தவறா என்று குறிக்க வேண்டும். 3 தப்பு வரை பாஸ். 2021 டிசம்பருக்கு முன் 40 வாக்கியங்களுக்கு 4 தப்பு விட்டார்கள். எழுதக்கூடிய மொழிகள் இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு. முன்பு ஆங்கிலமும் அரபியும் சீனமும் இருந்தன, 2011-இல் எடுத்துவிட்டார்கள். சாலைப் பாதுகாப்புக்குச் செய்ததாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ இது ஓட்டுநர் தேர்வு வேடத்தில் வந்த இலக்கணத் தேர்வு போலத்தான் தெரிகிறது.

உங்களுடைய அந்த 7 தப்பும் ஓட்டத் தெரியாததால் வந்தவை அல்ல. கடைக்குப் போகும் இத்தாலியன் இங்கே உதவாது, ஆனால் முழு இத்தாலியனும் தேவையில்லை. கேள்வி வங்கியில் சுமார் 7,000 வாக்கியங்கள். பொதுவில் கிடைப்பவை, இலவசச் செயலிகளிலேயே பயிற்சி செய்யலாம். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில நூறுதான். உதாரணமாக, நிறுத்துவதில் மூன்று வகை. நெரிசலிலோ சிக்னலிலோ வண்டி நிற்க வேண்டிவந்தால் அர்ரெஸ்தோ. ஆளை இறக்கிவிட ஒரு கணம் நின்று, ஓட்டுநர் உடனே கிளம்பத் தயாராக அங்கேயே இருந்தால் ஃபெர்மாத்தா. விட்டுவிட்டுப் போகும் அளவுக்கு நிறுத்தினால் சோஸ்தா. நமக்கு எல்லாமே "நிறுத்துவது", அங்கே மூன்றுக்கும் தனித்தனி விதி. அதேபோல் கர்ரெஜ்ஜாத்தா என்றால் வண்டிகள் ஓடும் பகுதி முழுவதும், கோர்ஸியா என்றால் அதில் ஒரு தடம். "தேவே" என்றால் செய்தே ஆக வேண்டும், "புவோ" என்றால் செய்யலாம். இந்தச் சொற்களை ஒரு நோட்டில் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, தினமும் ஒரு மாதிரித் தேர்வு எழுதுங்கள். "ஸெம்ப்ரே (எப்போதும்) என்ற சொல் வந்தால் தவறு, கண்ணை மூடிப் போடு" என்று குறுக்குவழி சொல்லும் காணொளிகள் இருக்கின்றன. பாதி நேரம் பலிக்கும், மீதி நேரம் உங்களை மறுபடி அதே நாற்காலியில் உட்காரவைக்கும்.

ஒரு விண்ணப்பத்துக்கு ஆறு மாதத்துக்குள் எழுத்துத் தேர்வில் இரண்டு வாய்ப்பு. ஒன்று போய்விட்டது. அடுத்ததற்குத் தேதி வாங்கும் முன், மாதிரித் தேர்வில் வாரம் முழுக்க 2 தப்புக்கு மேல் வராத நிலைக்கு வாருங்கள். டிரைவிங் ஸ்கூல் இல்லாமல், மோட்டோரிட்சாசியோனே என்ற இங்கத்திய ஆர்டிஓவில் நேராகவும் விண்ணப்பிக்கலாம், செலவு மிகவும் குறைவு. ஆனால் பல மாவட்டங்களில் தேதி கிடைப்பதற்குள் பொறுமை போய்விடும். ஒரு அரசு அலுவலகம் தேதி கொடுக்கவே மாதக்கணக்கில் இழுத்தடித்தால், மக்கள் தரகரிடம் போகாமல் எங்கே போவார்கள்?

எழுத்தில் பாஸானால் ஃபோலியோ ரோசா என்ற பழகுநர் அனுமதி கிடைக்கும், 12 மாதம் செல்லும், அதற்குள் ஓட்டுத் தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. பத்து வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கும், 65 வயதைத் தாண்டாத ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஓட்டிப் பழகலாம். உங்கள் கணவரின் லைசென்ஸும் இந்தியாவில் எடுத்ததுதான் என்றால் அவர் கணக்கில் வர மாட்டார். அவருடைய ஒரு வருடம் எப்போது முடிகிறது என்பதையும் இன்றைக்கே பாருங்கள்.

ஈரோட்டில் பத்து வருடம் ஓட்டியிருந்தாலும் இங்கே நீங்கள் புது ஓட்டுநர்தான். மூன்று வருடத்துக்கு ஆட்டோஸ்த்ராதா என்ற விரைவுச்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது, சொட்டு மதுவும் கூடாது, வண்டியின் எஞ்சின் சக்திக்கும் வரம்பு உண்டு. வீட்டுக் கார் அந்த வரம்புக்குள் வருகிறதா என்று ஆவணத்தில் பார்த்துவிடுங்கள். ஓட்டுத் தேர்வை "சீக்கிரம் முடிந்துவிடும்" என்று ஆட்டோமேட்டிக் வண்டியில் கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்தால் லைசென்ஸில் 78 என்ற குறி விழும், அப்புறம் கியர் வண்டியைத் தொட முடியாது. உங்கள் வீட்டில் கியர் வண்டி நின்றால் அந்த யோசனையை ஏற்காதீர்கள்.