மண்சுவருக்கு சிமென்ட் பூச்சு ஆகாது

கேள்வி: இங்கிலாந்தில் டெவன் பக்கம் ஒரு கிராமத்து வீடு வாங்கியிருக்கிறோம். காப் (cob) என்ற மண்சுவர், வைக்கோல் கூரை. பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இரண்டாம் தரம். முன்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். அடிச்சுவரில் துளையிட்டு, ஈரம் ஏறாமல் தடுக்கும் ரசாயன ஊசி போட்டு, வெளிப்பக்கம் புதிதாக சிமென்ட் பூசலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

களிமண் சேர்ந்த அடிமண்ணில் வைக்கோலையும் தண்ணீரையும் போட்டு மிதித்து, அடுக்கடுக்காக உயர்த்திய சுவர்தான் காப். பெரும்பாலும் இரண்டடி கனம் இருக்கும். சுடாத மண் என்பதால் ஈரத்தை இழுக்கும். காற்று பட்டால் விட்டுவிடும். மேலே சுண்ணாம்புக் காறை இருந்தவரை இது தடையில்லாமல் நடந்திருக்கும். சிமென்ட் பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், மழைத்தண்ணீர் உள்ளே போய்விடும். வெளியே வர வழி கிடையாது. அடிப்பகுதி இளகிவிட்டால் மேலே இருக்கும் பாரத்தை எது தாங்கும்? இப்படிச் சரிந்து விழுந்த சுவர்கள் உண்டு.

வெளிச்சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் பூச்சு மண்ணை விட்டுப் பிரிந்திருக்கிறது. அங்கே உள்ளங்கை அளவுக்கு மட்டும் பெயர்த்து மண்ணை அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக, சொரசொரப்பாக இருந்தால் நிம்மதி. பிசைந்த மாவு மாதிரி விரல் பதிந்தால் அதற்கு மேல் ஒரு அங்குலம்கூடப் பெயர்க்காதீர்கள். சில சமயம் அந்தப் பூச்சுதான் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும். காப் வீடு தெரிந்த கட்டமைப்புப் பொறியாளரை முதலில் கூப்பிடுங்கள்.

'மண்சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல காலணியும் போதும்' என்று டெவனில் ஒரு பழைய சொல் உண்டு. தொப்பி, வெளியே நீண்டிருக்கும் கூரை. காலணி, மண்சுவருக்கு அடியில் வைத்த கல் அடிச்சுவர். உங்கள் வீட்டில் அந்தக் காலணி புதைந்திருக்கலாம். பூச்செடிக்கு மண் கொட்டிக் கொட்டி, வெளித்தரை கல்லைத் தாண்டி ஏறியிருக்கிறதா பாருங்கள். பல வீடுகளில் ஓதத்தின் மூலமே அதுதான். குவிந்த மண்ணை மட்டும் எடுங்கள்; அடித்தளத்தை ஒட்டிப் பள்ளம் தோண்ட வேண்டாம். வைக்கோல் கூரையின் விளிம்பில் மழைத்தண்ணீரைப் பிடித்து ஓட்டும் தகரம் பெரும்பாலும் இருக்காது என்பதால், சொட்டும் தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடத் தரை சரிவாக இருக்க வேண்டும்.

ரசாயன ஊசியோ செங்கல் சுவருக்கு வந்த வைத்தியம். கல்லும் மண்ணுமான சுவரில் சீராகப் பரவாது. ஓதம் பார்க்கும் மீட்டரையும் ரொம்ப நம்ப வேண்டாம். அது மரத்துக்கு அளவிட்ட கருவி, சுவரில் உப்பு பூத்திருந்தாலே எகிறும்.

அப்புறம் சட்டம். பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியில்லாமல் செய்தால், 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பூச்சை மாற்றுவதும் அதில் வரலாம் என்பதால் உள்ளூர் கவுன்சிலின் பாரம்பரியக் கட்டட அதிகாரியிடம் முதலிலேயே கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

அனுமதியோடு சிமென்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவதானால், உறைபனி காலத்தில் பூசாதீர்கள். சிமென்டை எடுத்த சுவர் உலர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வீடு பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.