காபிக்கும் கையெழுத்து கேட்கும் ஊர்

போன இதழில் அமெரிக்கக் கல்லூரி ஊர்களைப் பற்றிப் பேசும்போது, யூட்டா மாநிலத்து ப்ரோவோவில் சனிக்கிழமை ராத்திரி மாணவர்கள் வரிசை கட்டுவது சோடா கடையில் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். பக்கத்து ஊரான ஓரெமில் இரண்டு வருஷம் குடியிருந்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ப்ரோவோவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மது தொட மாட்டேன் என்று கையெழுத்து கேட்டார்களாம், எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அதே காகிதத்தில் காபி, டீயும் கூடாது என்று போட்டிருக்கிறதாம். யாராவது விளையாடுகிறார்களா? (ஒரு அம்மா, ஸ்ரீரங்கம்)

விளையாட்டில்லை அம்மா, நிஜம்தான். அது மார்மன் சபை (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ வழிச் சபை) நடத்துகிற பல்கலைக்கழகம், 1875-ல் தொடங்கியது. அந்தச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833-ல் 'ஞான வார்த்தை' என்று ஒரு உணவு ஒழுக்கம் சொல்லிவிட்டுப் போனார். மது வேண்டாம், புகையிலை வேண்டாம், சூடான பானங்கள் வேண்டாம். சூடான பானம் என்றால் காபியும் டீயும் என்று சபை பிற்பாடு விளக்கம் கொடுத்தது, அப்படியே நின்றுவிட்டது. அதனால் ரசம் குடிக்கலாம். சூடான சாக்லேட் குடிக்கலாம், மூலிகை டீக்கும் தடையில்லை. நம்ம சுக்குமல்லிக் காபியில் காபித் தூள் போடாத வரைக்கும் அதில் காபி என்பது பெயரில் மட்டும்தான், தைரியமாகக் கொடுத்து அனுப்புங்க.

கோலா கிடைக்குமா என்றால் கிடைக்கும், சபைக்குக் காஃபீன் மேல் பகை இல்லை. ஆனாலும் வளாகத்துக்குள்ளே காஃபீன் உள்ள கோலா விற்க ஆரம்பித்ததே 2017-ல்தான். அதுவரை பையன்கள் வெளியே போய் வாங்கி வந்து குடித்தார்கள். இதை என் பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ விடுதலைப் போராட்டம் மாதிரி விவரிப்பார்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கையெழுத்து வளாகத்தோடு முடிவதில்லை. வெளியே தங்கினாலும், லீவுக்கு வேறு ஊர் போனாலும், மாணவனாக இருக்கிற வரை செல்லும். மார்மன் அல்லாதவர்களுக்கும் அதே விதி. வருஷா வருஷம் ஒரு மதத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். உடனே மடத்துப் பக்கம் ஓடாதீர்கள், வேற்று மதத்துப் பிள்ளைகளுக்கு அங்குள்ள பிஷப்போ வளாகத்திலேயே இருக்கிற மதகுருவோ கையெழுத்துப் போடுவார். தாடிக்கும் தடை உண்டு என்பதை மகனே சொல்லியிருப்பான்.

ஒரு விஷயம் மட்டும் சிரிக்க முடியாதது. குடித்திருந்தபோது பாலியல் தாக்குதலுக்கு ஆளான மாணவிகள், புகார் கொடுத்தால் விதி மீறினாய் என்று தங்கள் மேலேயே விசாரணை திரும்பும் என்று பயந்து வாய் மூடி இருந்தது 2016-ல் வெளியே வந்தது. பெரிய சத்தம் எழுந்த பிறகு, புகார் கொடுப்பவர் மேல் அந்த விதிகளைக் காட்டி நடவடிக்கை இல்லை என்று பல்கலைக்கழகம் மாற்றியது. மகளை அனுப்புகிறவர்கள் இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்க. விதி மாறியது தெரியாமலே பயந்துகொண்டிருக்கக் கூடாது இல்லையா.

கேள்வி: அங்கே டாஸ்மாக் உண்டா? (ஒரு வாசகர், மதுரை)

இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உண்டு. பெயர் வேறு, வேலை அதே. யூட்டாவில் ஒயின், விஸ்கி வகையறா எல்லாம் அரசுக் கடையில் மட்டும்தான். நம் ஊரில் 2003-ல் சில்லறை விற்பனையை அரசு எடுத்துக்கொண்டது, அவர்கள் மதுவிலக்கு முடிந்த காலத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அடக்க விலைக்கு மேல் சுமார் 88 சதவீதம் ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று சட்டம். மொத்த விற்பனையில் பத்தில் ஒரு பங்கு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்குப் போகிறது. குடிக்கவே குடிக்காத ஜனங்கள் நிறைந்த மாநிலத்தில், குடிக்கிறவர்கள் காசில் குழந்தைகளுக்குச் சத்துணவு! இதைக் கேட்டு எங்கள் அலுவலகத்து நண்பர் ஒருவர் ஒவ்வொரு பாட்டில் வாங்கும்போதும் தன்னை வள்ளலாக நினைத்துக்கொள்வார்.

பீர் மட்டும் மளிகைக் கடையில் கிடைக்கும், அதுவும் 5 சதவீதம் வரை. 2019 நவம்பருக்கு முன்பு 4 சதவீதம்தான். நம்ம ஊர் ஸ்ட்ராங் பீர் எல்லாம் 8 வரைக்கும் போகும், அதெல்லாம் அங்கே அரசுக் கடைச் சரக்கு.

கேள்வி: ஹோட்டலில் திரை போட்டு மறைத்துத்தான் சரக்கு ஊற்றுவார்களாமே, கதையா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

கதை இல்லை, இப்போது பழங்கதை. 2009 வரை அங்கே பாருக்குள் போக வேண்டுமென்றால் காசு கட்டி உறுப்பினராகிச் சீட்டு வாங்க வேண்டும். பெர்மிட் காலத்து ஆட்களுக்கு இது புரியும். அதை எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்று கேட்டார்கள்: புதிதாக உரிமம் வாங்கும் உணவகங்களில் மது கலக்கிற இடம் சாப்பிடுகிறவர் கண்ணில் படக் கூடாது, ஏழடி உயரத்துக்குத் தடுப்பு. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'சீயோன் திரை' (சீயோன் என்பது மார்மன்கள் தங்கள் பூமிக்கு வைத்த புனிதப் பெயர்). பிள்ளைகள் பார்த்தால் கெட்டுப்போவார்கள் என்பது காரணம். மேசைக்கு வந்த பிறகு அதே பிள்ளைக்கு முன்னால் அப்பா குடிக்கலாம், ஊற்றுவதை மட்டும் பார்க்கக் கூடாது. 2017-ல் சட்டம் மாறி, சில உணவகக்காரர்கள் அந்தக் கண்ணாடித் தடுப்பைக் கொண்டாட்டமாகவே உடைத்தார்கள். இப்போது தடுப்புக்குப் பதிலாக இடைவெளி விட்டால் போதும். கூடவே வாசலில் ஒரு அறிவிப்பும் அப்போது வைக்கச் சொன்னார்கள்: 'இது உணவகம், பார் அல்ல'. பார் என்றால் 'இது பார், உணவகம் அல்ல'. நான் முதலில் இதை யாரோ கிண்டலுக்கு மாட்டியது என்றுதான் நினைத்தேன்.

முதல் தடவை நண்பரோடு போன அனுபவம் இது. உணவகத்தில் சாப்பாடு சொல்லாமல் மது கிடையாது, அதனால் பசியே இல்லாமல் உருளைக்கிழங்கு வறுவல் சொன்னோம். பாட்டில் வாயில் ஒரு கருவி மாட்டியிருக்கிறது. பரிமாறுகிறவர் கவிழ்த்ததும் ஒன்றரை அவுன்ஸ் இறங்கி, குழாயை மூடினது போல் டக்கென்று நின்றுவிடும். பாட்டிலைத் தட்டினாலும் ஒரு சொட்டு வராது. நம் கணக்கில் 44 மில்லி. ஸ்மாலும் இல்லை, லார்ஜும் இல்லை. நண்பர் பழக்க தோஷத்தில் "டபுள்" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அது சட்டப்படி முடியாது" என்றாள். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லிச் சொல்லிப் பழகின சிரிப்பு அது. பின்னால் ஒரு மேசையில் எட்டுப் பேர் எலுமிச்சை ஜூஸ் வைத்துப் பிறந்த நாள் கொண்டாடினார்கள், எங்கள் மேசையைவிட அங்கேதான் சத்தம் அதிகம்.

கேள்வி: மதம் சொன்னதைச் சட்டமாக்குவது என்ன நியாயம்? அந்த மாநிலம் எப்போதும் இப்படித்தானா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

நியாயமா என்று கேட்டால், திரை போட்டது அசட்டுத்தனம் என்றுதான் சொல்வேன். ஆனால் 'எப்போதும் இப்படித்தான்' என்பது சரியில்லை. அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு இருந்த காலத்தில், அதை நீக்க 36 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1933 டிசம்பர் 5-ஆம் தேதி அந்த 36-ஆவது ஓட்டைப் போட்டது எது தெரியுமா, யூட்டாதான். சபைத் தலைவர் ஹீபர் கிராண்ட் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் ஜனங்கள் கேட்கவில்லை. நாடு முழுக்கக் கடை திறக்கச் சாவி கொடுத்துவிட்டு, தன் வீட்டுக் கதவை மட்டும் ஒருக்களித்து வைத்துக்கொண்ட மாநிலம் அது.

கேள்வி: என் பையன் ப்ரோவோ இருக்கிற அதே பள்ளத்தாக்கில் வேறு ஒரு கல்லூரியில் எம்.எஸ். படிக்கிறான், வயது 23. அங்கே காபித் தடையெல்லாம் இல்லை. நண்பர்களோடு எப்போதாவது பீர் குடிப்பதை என்னிடம் மறைக்கவில்லை. கார் வாங்கப் போகிறான். எவ்வளவு வரை குடித்துவிட்டு ஓட்டலாம்? (ஒரு அப்பா, கோயம்புத்தூர்)

ஐயா, மற்ற கேள்விகளுக்குச் சிரித்துப் பேசியதை எல்லாம் ஒதுக்கிவிட்டு இதை மட்டும் பையனுக்கு அனுப்புங்க. கொஞ்சம் குடித்திருந்தாலும் ஓட்டக் கூடாது.

மற்ற அமெரிக்க மாநிலங்களில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்பதுதான் எல்லை. யூட்டாவில் 2018 டிசம்பர் 30 முதல் 0.05. நம் நாட்டுச் சட்டம் இன்னும் கறார், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. ஆனால் நம் ஊரில் காகிதத்தில் இருப்பது அங்கே ரோட்டில் இருக்கிறது. வேறு மாநிலத்தில் இருக்கிற சிநேகிதன் "இரண்டு பீர் ஒன்றும் பண்ணாது" என்று சொன்னால் அது அந்த ஊர்க் கணக்கு. 2016-ஐவிட 2019-ல் யூட்டாவில் உயிர் போகும் விபத்துகளின் விகிதம் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்தது என்று அமெரிக்க மத்திய சாலைப் பாதுகாப்புத் துறை கணக்குக் காட்டியிருக்கிறது. அதனால் இந்தச் சட்டத்தைத் திரையோடு சேர்த்துக் கிண்டல் பண்ண நான் தயாரில்லை.

இன்னொன்று, காரை ஓட்டாமல் ஓட்டுநர் இருக்கையில் சாவியோடு தூங்கிக்கொண்டிருந்தாலும் வழக்குப் போடலாம். 'வண்டி உன் கட்டுப்பாட்டில் இருந்தது' என்பது அவர்கள் வாதம். போதை தெளியட்டும் என்று நல்ல எண்ணத்தில் படுத்த பையன்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அபராதத்தைக் கட்டிவிடலாம், விசாதான் பெரிய கவலை. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வருவதற்கு முன்பே, விசாவை ரத்து செய்ய அமெரிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, செய்தும் வருகிறார்கள். அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தால், திரும்பப் போகப் புது விசா, அதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை, அப்புறம் காத்திருப்பு. காபிக் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்த அதே பையன்கள், இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாமல் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். சரி, 21 வயது ஆகாத தம்பிமார் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு எல்லையே கிடையாது. ஒரு சொட்டு இருந்தாலும் லைசென்ஸ் போகும்.

கேள்வி: மலை ஊரில் சீக்கிரம் போதை ஏறும் என்கிறார்களே? (ஒரு வாசகர், சேலம்)

ப்ரோவோ சுமார் 4,550 அடி. உங்கள் ஏற்காடு அதைவிட உயரம், அங்கே போய்ச் சோதித்துப் பார்த்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். உயரத்தால் ரத்தத்தில் ஆல்கஹால் கூடுவதில்லை. வறண்ட காற்று, தண்ணீர் குடிக்காதது, இன்னும் மேலே பனிச்சறுக்கு மலைகளுக்குப் போனால் உயரத்தால் வருகிற தலைவலி, எல்லாம் சேர்ந்து மறுநாள் காலையை மோசமாக்கும்.

கேள்வி: மது இல்லை, காபி இல்லை. அப்புறம் ராத்திரி அந்தப் பிள்ளைகள் என்னதான் பண்ணுவார்கள்? (கல்லூரி மாணவி, திருச்சி)

சர்க்கரை சாப்பிடுவார்கள்! டாக்டர் பெப்பர் என்கிற சோடாவில் தேங்காய் சிரப், எலுமிச்சை, சில சமயம் க்ரீமும் ஊற்றி 'டர்ட்டி சோடா' என்று விற்கிறார்கள். யூட்டாவில் பிறந்த பழக்கம் இது. காரில் இருந்தபடியே வாங்கலாம், வரிசை தெருமுனை வரை வரும், உள்ளே பாட்டு, சிரிப்பு, காதல் எல்லாம் மற்ற ஊரில் பாருக்குள் நடப்பதுதான். பெரிய கோப்பை 44 அவுன்ஸ், அதாவது ஒண்ணேகால் லிட்டருக்கு மேல். மதுவுக்கு 44 மில்லி, சோடாவுக்கு 44 அவுன்ஸ். எது உடம்புக்குக் கெடுதல் என்று எந்தச் சட்டசபையும் கேட்கவில்லை.

அப்புறம் ஹோலி. ப்ரோவோவுக்குத் தெற்கே ஸ்பானிஷ் ஃபோர்க்கில் மேட்டு மேல் ஒரு ராதாகிருஷ்ணர் கோயில் இருக்கிறது. வருஷா வருஷம் அங்கே வண்ணத் திருவிழாவுக்குப் பல்லாயிரம் பேர் வருகிறார்கள், பெரும்பாலும் மார்மன் மாணவர்கள். பாங்கும் இல்லை, பீரும் இல்லை, ஹரே கிருஷ்ணா பாட்டுக்குக் குதித்து, தலை முதல் கால் வரை பச்சையும் சிவப்புமாக வீட்டுக்குப் போகிறார்கள். தெளிந்த புத்தியோடு அவ்வளவு ஆட்டம் போடுகிற கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கேள்வி: மறுபடியும் நான்தான், ஸ்ரீரங்கம். டபரா செட்டைப் பெட்டியில் வைக்கட்டுமா, வேண்டாமா?

வையுங்க அம்மா. அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தப் பால் பண்ணைக் கடை இருக்கிறது, அவர்கள் சாக்லேட் பால் அங்கே ரொம்பப் பிரபலம். சூடு பண்ணி ஆற்றிக் குடிக்கட்டும். பில்டரை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்க, லீவுக்கு வருவான்.