ஃபைனைட் வால்யூமா, ஃபைனைட் எலிமென்ட்டா? பாய்ம இயக்கவியல் கேள்வி பதில்

கேள்வி: தீர்ப்பது பாய்ம ஓட்டத்துக்கான ஒரே நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுதானே, இரண்டு முறைக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: இரண்டும் ஓட்டம் நடக்கும் இடத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித் தீர்ப்பவை. அந்த வலைதான் மெஷ்; துண்டுக்கு ஒன்றில் செல் என்றும் மற்றதில் எலிமென்ட் என்றும் பெயர். ஃபைனைட் வால்யூம் ஒரு கணக்குப்பிள்ளை. இந்தச் செல்லின் முகம் வழியே வெளியே போன நிறை, அடுத்த செல்லில் அப்படியே வரவு வைக்கப்படும். மெஷ் மோசமாக இருந்தாலும் நிறை காணாமல் போகாது. (விடை தப்பாக இருக்கலாம், அது வேறு!) ஃபைனைட் எலிமென்ட், சமன்பாட்டை எடைச் சார்புகளால் பெருக்கித் தொகையிட்டு, கணுக்களில் (எலிமென்ட்டின் மூலை போன்ற புள்ளிகளில்) விடை தேடும். மொத்தக் கணக்கு சரியாக வரும். ஆனால் ஓர் எலிமென்ட்டை மட்டும் எடுத்து வரவு செலவு பார்த்தால் பொதுவாகக் கொஞ்சம் இடிக்கும்.

கேள்வி: வெப்பக் கடத்தலுக்கு நன்றாக ஓடிய என் எலிமென்ட் நிரலில் நீரோட்டத்தைச் சேர்த்ததும் வெப்பநிலை அலை அலையாக வருகிறது. எங்கே பிழை?

பதில்: நிரலில் பிழையே இல்லாமலும் இது வரும். ஓட்டம் இழுத்துச் செல்வது பரவலைவிட எவ்வளவு வலுவானது என்று காட்டும் பெக்லே எண்ணைப் போட்டுப் பாருங்கள்: வேகம் × எலிமென்ட் நீளம் ÷ பரவல் கெழு. நீரின் வெப்பப் பரவல் கெழு நொடிக்குச் சுமார் 0.14 சதுர மி.மீ. வேகம் நொடிக்கு 1 மீட்டர், எலிமென்ட் 1 மி.மீ. என்றால் எண் 7000-ஐத் தொடுகிறது. நேரியல் கலெர்கின் (நேரியல் சார்புகளை வைத்துச் செய்யும் வழக்கமான எலிமென்ட் முறை) 2-ஐத் தாண்டினாலே ஆட ஆரம்பிக்கும். மெஷை அவ்வளவு நுணுக்கிக் கட்டுப்படியாகாது. ப்ரூக்ஸும் ஹியூஸும் 1982-ல் எழுதிய எஸ்யுபிஜி (ஸ்ட்ரீம்லைன் அப்விண்ட் பெட்ரோவ்-கலெர்கின்) முறையைச் சேருங்கள். ஓட்டத்தின் திசையில் மட்டும் தேவையான அளவு பரவலைக் கூட்டும்.

வால்யூம்காரர்கள் அப்விண்ட் என்று, ஓட்டம் வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பை எடுத்துச் செய்வதும் கிட்டத்தட்ட இதே வைத்தியம்தான். ஆனால் முதல் வரிசை அப்விண்டோடு நின்றுவிடாதீர்கள். ஆட்டம் அடங்கும், கூடவே கூர்மையான வெப்பநிலைச் சரிவும் தேய்ந்துபோகும். படம் அழகாக இருப்பதால் பலர் அதை நம்பிவிடுகிறார்கள்.

கேள்வி: அழுத்தம் சதுரங்கப் பலகை மாதிரி வருவது எந்த முறையில்?

பதில்: இரண்டிலும். செல்களில் அழுத்தம் 100, 50, 100, 50 என்று இருப்பதாக வையுங்கள். ஒரு செல்லின் சரிவை இருபுறச் செல்களை வைத்துக் கணக்கிட்டால் பூச்சியம்! வால்யூமில் ரீ-சௌ இடைக்கணிப்பு, முகத்தின் வேகத்தில் அடுத்தடுத்த செல்களின் அழுத்த வேறுபாட்டையும் சேர்த்து, இதைத் தடுக்கும். எலிமென்ட்டில் தடுப்பது டெய்லர்-ஹூட் என்ற எலிமென்ட் வகை: திசைவேகத்துக்கு இருபடி, அழுத்தத்துக்கு நேரியல்.

கேள்வி: எது வேகமானது?

பதில்: முறையைவிட சால்வரும் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) மெஷ்ஷும்தான் அதைத் தீர்மானிக்கும்.

கேள்வி: சரி, நான் எதை எடுப்பது?

பதில்: அதிர்வலை, கொந்தளிப்பு என்றால் வால்யூம்; ஓப்பன்ஃபோம், ஃப்ளூயன்ட் மென்பொருள்கள் எல்லாம் அந்த வழிதான். நெகிழும் சுவரோடு சேர்ந்த ஓட்டம், பாலிமர் உருகல் என்றால் நான் எலிமென்ட் பக்கம் போவேன்.

கேள்வி: எலிமென்ட் எல்லையில் விடை தொடர்ச்சியில்லாமல் தாவ விடும் டிஸ்கன்டினியுவஸ் கலெர்கின் எந்தக் கட்சி?

பதில்: ஒவ்வொரு எலிமென்ட்டிலும் விடை ஒரே மாறிலி என்று வைத்தால் அது ஃபைனைட் வால்யூம்தான். பல்லுறுப்புக்கோவையின் படியை ஏற்ற ஏற்ற எலிமென்ட்டின் துல்லியம் கிடைக்கும், நினைவகமும் அதற்கேற்பத் தின்னும்.