போன்ல எடுத்த வீடியோவ டிவிடில ரைட் பண்ணேன், கம்ப்யூட்டர்ல ஓடுது, டிவில ஓடல. ஏன்?

வீட்டுப் பெரியவங்களுக்காகத்தான் கேக்கறீங்கன்னு நினைக்கிறேன். பென்டிரைவ்ல போடு, யூடியூப்ல போடுன்னு சொல்றவங்க வருவாங்க, வரட்டும். எங்கம்மாவுக்கு 79 வயசு, டிவி மெனு எழுத்து கண்ணுக்குத் தெரியாது, டிஸ்க்க உள்ள தள்ளி ப்ளே அமுக்கத் தெரியும். அவங்களுக்கு டிஸ்க்தான்.

நீங்க எம்பி4 ஃபைல அப்படியே காப்பி பண்ணிருப்பீங்க. அது வெறும் ஃபைல் வச்ச டேட்டா டிஸ்க், பழைய டிவிடி பிளேயருக்குப் புரியாது. டிவிடி பிளேயருக்குப் புரியற எம்பெக்-2ங்கற வீடியோ வடிவத்துக்கு மாத்தி டிவிடி வீடியோவா ரைட் பண்ணணும், டிவிடிஸ்டைலர்னு இலவச சாப்ட்வேர் ரெண்டையும் செய்யும். போன் வீடியோல ஃபிரேம் வேகம் நிலையா இருக்காது, அதனால சத்தம் போகப் போக விலகும், முதல்ல ஹேண்ட்பிரேக்ங்கற இலவச சாப்ட்வேர்ல ஃபிரேம் வேகத்த கான்ஸ்டன்ட்னு வச்சு மாத்திட்டு அப்புறம் போடுங்க. 4.7 ஜிபி டிஸ்க்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல திணிக்காதீங்க. கடைசில ஃபைனலைஸ் (டிஸ்க்க மூடி முடிக்கற படி) பண்ண மறந்தா டிவிடி பிளேயர் எடுக்காது.

இத நான் கத்துக்கிட்டது எங்கப்பாவால. 2005 தைப்பூசத்துல சிங்கப்பூர்ல சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் அப்பா காவடி எடுத்தாரு, நான் மினிடிவி (MiniDV, சின்ன டேப் போடற) கேமரால கூடவே நடந்து எடுத்தேன். அப்பல்லாம் ரோட்டுல மேளம் வாசிக்க அனுமதி கிடையாது, கூட வந்தவங்க தொண்டை கட்டக் கட்ட பாடினதுதான் அந்த டேப்ல இருக்கு. அப்பா போனப்புறம் அம்மா கேட்டாங்கன்னு ஒரு கடைல குடுத்தேன், அவங்க அகல டிவிக்காக மேலயும் கீழயும் வெட்டிட்டாங்க, காவடி உச்சியும் இல்ல, அப்பா காலும் இல்ல. கேட்டா "எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க"ன்னாங்க. எல்லா கடையும் அப்படின்னு நான் சொல்லல.

டேப் கைல இருந்துச்சு, அந்தக் கேமராவ கம்ப்யூட்டர்ல இணைக்கற ஃபயர்வயர் கேபிள் தேடிப் பிடிச்சு நானே ஏத்தினேன். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் உக்காரணும், 13 ஜிபி வரும். முதல் டிஸ்க்ல அப்பா திரும்பறப்பல்லாம் மயிலிறகு முன்னும் பின்னும் நடுங்குச்சு. மூணு ராத்திரி போச்சு. கடைசில பாத்தா ஃபீல்ட் ஆர்டர் (ஒவ்வொரு படத்தையும் ஒண்ணு விட்டு ஒண்ணா ரெண்டு வரித் தொகுப்பா பிரிச்சுக் காட்டறதுல எது முதல்லங்கறது), மினிடிவி கீழ் வரிலேர்ந்து ஆரம்பிக்கும், நான் மேல் வரின்னு வச்சிருந்தேன். அத மாத்தி, 4:3 அளவ அப்படியே விட்டு, பால் (PAL) டிவி முறைல போட்டேன், இறகு ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரிஞ்சுது.

அம்மா பாத்தாங்க. ஒரு இடத்துல அப்பா நின்னு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு கேமராவப் பாத்து தலையாட்டுவாரு, அங்க வந்ததும் ரிமோட்ட என் கைல குடுத்து "மறுபடி போடு"ன்னாங்க.

இதையே குடும்ப வாட்ஸ்அப்ல போட்டேன், பதினாலு பேரு இதயம் போட்டாங்க. அம்மா இருக்கறது சிங்கப்பூர் ஈசூன்ல, எல்லாருக்கும் ஒரு பஸ் தூரம், ஆனா தீபாவளிக்கு மட்டும்தான் வருவாங்க. கேள்விக்குச் சம்பந்தமில்லதான், சொல்லாம இருக்க முடியல.

டிஸ்க் மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, சுத்தறப்ப ஆட்டம் குடுக்கும். டிஸ்க்குக்குன்னு விக்கற மார்க்கர்ல எழுதுங்க. ரெண்டு காப்பி போட்டு ஒண்ண வெளிச்சம் படாம வைங்க. அம்மா காப்பில "அப்பா காவடி 2005"னு அவங்களுக்குத் தெரியற அளவுக்குப் பெருசா எழுதிருக்கேன்.