கல்யாணமான பெண்கள் யார் பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்?

கேள்வியிலேயே ‘யார் பேச்சைக் கேட்டு’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் படித்துவிட்டுப் போயிருப்பேன். கேட்டவர் ஆண் என்று நினைக்கிறேன். முதல் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும், உங்கள் அம்மா நச்சரிக்கத் தொடங்கியிருப்பார், மனைவி ‘பார்க்கலாம்’ என்பதற்கு மேல் வாய் திறந்திருக்க மாட்டார். பின்னால் இருந்து யாரோ ஏற்றிவிடுகிறார்கள் என்று உங்களுக்குச் சந்தேகம். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

என்னை யாரும் ஏற்றிவிடவில்லை. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், ஆர்டரை ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்கிற வேலை. ஒரே பையன், இரண்டாம் வகுப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். நானும் கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவள்தான். ‘வேலைக்குப் போகிற திமிர்’, ‘வீட்டில் ஏதோ பிரச்சினை’ என்று கீழே யாரும் சிரமப்பட்டு எழுத வேண்டாம்.

பணம் ஒரு காரணம்தான், எல்.கே.ஜி. ஃபீஸ் கட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிசேரியன் தையலும் ஒரு காரணம். ஆனால் என் விஷயத்தில் முடிவு செய்தது இவை இரண்டும் இல்லை. பகலில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு வந்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டிலிருந்து அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். அதைத் தாண்டினால் முழுப் பணமும் முதலாளி கையிலிருந்து போக வேண்டும். நான் கொஞ்சம் தாண்டியவள். அதனால் இன்கிரிமென்ட் பேசும்போதெல்லாம் எச்.ஆரில் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி வரும்: “மேடம், ரெண்டாவது ஏதாச்சும் ஐடியா இருக்குங்களா?” அக்கறையில் கேட்கிற கேள்வி இல்லை அது.

அதே சட்டத்தில், 50 பேர் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நடுவே நாலு தடவை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. நான் அப்போது வேலை பார்த்த கம்பெனியிலும் ஒரு அறை இருந்தது. சுவரில் யானை, பலூன், ஏ ஃபார் ஆப்பிள் எல்லாம் வரைந்து வைத்திருந்தார்கள். தொட்டில்கூட உண்டு. சாவி எச்.ஆரிடம். உள்ளே அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கும். எங்களிடம் துணி வாங்குகிற பையர் தரப்பிலிருந்து ஆடிட் வருகிற அன்று மட்டும் பெட்டிகள் வெளியே போகும், ஒரு ஆயாம்மா உள்ளே வருவார்.

பையனுக்கு ஒன்றரை வயசு இருக்கும்போது அப்படி ஓர் ஆடிட். அறையில் காட்டுவதற்குக் குழந்தை வேண்டுமே! எச்.ஆர். என்னைக் கூப்பிட்டு, “மேடம், நாளைக்குத் தம்பியைக் கூட்டிட்டு வந்துருங்க” என்றார். கூட்டிக்கொண்டு போனேன். பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஆயாம்மா மடியில் உட்கார்ந்து பருப்புச் சாதம் தின்றுகொண்டிருக்கிறான். மத்தியானம் தொட்டிலில் தூக்கம். நான் மாடியில் ஒரு பதற்றமும் இல்லாமல் சாம்பிள் அப்ரூவல் வேலையை முடித்து, மெயில் எல்லாம் அனுப்பிவிட்டேன். பிள்ளை பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. ஆடிட்டர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் போய், “மாசம் பணம் கட்டறேங்க, இதை இப்படியே வச்சிருங்க” என்று கேட்டேன். “செய்யலாங்க மேடம், எம்.டி.கிட்டப் பேசறேன்” என்றார்கள். அதற்குள் அட்டைப் பெட்டிகள் உள்ளே போய்விட்டன.

மாமியார் என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். அத்தை ஊரில், காங்கேயம் பக்கம். இரண்டு கறவை மாடு. விடியும் முன்னே கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும், சாயங்காலம் மறுபடியும். நடுவில் தண்ணி, சோளத்தட்டு, சாணி. முட்டி வலி வேறு. போனில் பேசும்போதெல்லாம், “ஏங்கண்ணு, ஒண்ணு பெத்துக் குடுத்துரு, நான் பாத்துக்கறேன்” என்பார். மனசாரச் சொல்கிறார், அதில் பொய் இல்லை. ஆனால் முதல் பையனை அங்கே விட்டிருந்தபோது, கட்டுத்தறியைத் தாண்டி வராமல் இருக்க நடையில் குறுக்கே ஒரு கட்டிலைச் சாய்த்து வைத்திருந்தார், பாவம். அவன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று அழ, அவர் இந்தப் பக்கம் பால் கறந்துகொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என் அம்மா? அம்மா பெங்களூரில், தம்பி வீட்டில். அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்ததும் போனவர்தான். “மகன் வீட்டுல இருக்கறதுதாம்மா முறை, மக வீட்டுல வந்து உக்காந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க” என்றார். இது கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. நாடு முழுக்க 2005-ல்தான் வந்தது. அப்பா போன பிறகு தோட்டத்தில் என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொன்னார்கள். இடுப்பில் பையனோடு சார்பதிவாளர் ஆபீசில் நின்றேன். பத்திரம் எழுதுகிறவர், “சந்தோஷமாத்தானுங்க குடுக்கறீங்க?” என்று கேட்டார். தம்பி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். “கல்யாணத்துக்கு நகை போட்டாச்சில்ல” என்றார் சித்தப்பா. அந்த நகையில் பாதி இப்போது தம்பியின் சைட் ரிஜிஸ்ட்ரேஷனுக்காக அடகில் இருக்கிறது, அது வேறு கதை. நிலமும் அங்கே போனது, அம்மாவும் அங்கே போனார். எனக்கு வந்தது ‘ரெண்டாவது எப்போ?’ என்ற கேள்வி மட்டும்.

எங்கள் அம்மா காலத்தில் இரண்டோடு நிறுத்தியபோது யாரும் சுயநலம் என்று சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் போட்டு அரசாங்கமே நிறுத்தச் சொன்னது. நாங்களும் கேட்டு நடந்தோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைதான். ஜனத்தொகை அப்படியே நிற்கவே 2.1 வேண்டுமாம். 2025 மார்ச்சில் முதல்வர் ஸ்டாலின், புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நமக்கு எம்.பி. தொகுதி குறைந்துவிடும் என்று பேசினார். ஜனத்தொகையை வைத்துத் தொகுதிகளைப் பிரிக்கிற மறுவரையறை நியாயமான கவலைதான், நான் மறுக்கவில்லை. எங்கள் கம்பெனியில் இருக்கிற பெண்கள் அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தார்கள். பார்லிமென்டுக்கு ஆள் அனுப்பலாம், அதற்கு முன்னால் மூன்று வருஷம் அந்த ஆளை எங்கே உட்கார வைப்பது?

இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னால் ஆண்களுக்குக் கோபம் வரும். இனி வேண்டாம் என்று முடிவானபோது, ஆபரேஷனை நீங்களே செய்துகொள்ளுங்கள், ஆண்களுக்குத் தழும்பே தெரியாது, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். தங்கமான மனுஷன் என்றேனே, அவர் மூன்று நாள் பேசவில்லை. காப்பர்-டி எனக்குத்தான் வைத்தது. தமிழ்நாட்டுக் கருத்தடைக் கணக்கை எடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் பெண்களின் ஆபரேஷன், ஆண்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. யார் பேச்சைக் கேட்டு என்று அங்கேயும் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

உங்கள் மனைவியிடம் ‘ஏன் வேண்டாம்’ என்று கேட்காதீர்கள். காய்ச்சல் என்றால் லீவு போடுவது யார், ராத்திரி எழுந்திருப்பது யார், உங்கள் அம்மா வந்து இருப்பாரா, எத்தனை மாசம் இருப்பார் என்று உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அவர் வேண்டாம் என்றால், வேண்டாம்தான். நானும் ‘ஒன்று போதும்’ என்று எல்லோருக்கும் சொல்ல வரவில்லை. என் பக்கத்து சீட் பெண்ணுக்கு அம்மா வீடு அடுத்த தெருவில், நடந்து போகிற தூரம். அவள் யோசிக்கவே இல்லை, இப்போது எட்டாம் மாசம். அடுத்த வாரத்திலிருந்து லீவு. அவளுடைய இரண்டு பையர்களின் ஆர்டரும் ஷிப்மென்ட் தேதியோடு என் டேபிளுக்கு வந்துவிட்டது. எச்.ஆர். இந்த முறையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “உங்களுக்குத்தான் மேடம் வீட்டுல கமிட்மென்ட் கம்மி.”